விறகுத் தீயில் வெந்நீர்: கைவசம் இருப்பதைக் கொண்டு செய்யும் சாமான்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு சின்னத் தென்னந்தோப்பு. மாதம் ஒருமுறையாவது சனிக்கிழமை சாயங்காலம் நாலைந்து பேர் போய்த் தங்கிவிட்டு ஞாயிறு மதியம் திரும்புவோம். கரண்ட் உண்டு, கேஸ் கிடையாது. காபிக்கும் குளிக்கவும் வெந்நீர் விறகில்தான். அதற்காக நான் செய்து வைத்திருக்கும் டின் அடுப்பையும் கம்பிக் கொக்கியையும் முக்காலியையும் பார்த்தவர்கள் கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் போனில் சொல்லி மாளவில்லை. அதனால் எழுதியே வைத்துவிட்டேன். சில பதில்கள் நீளம், சில ஒன்றிரண்டு வரி.

இதெல்லாம் கடையிலேயே கிடைக்கிறதே, எதற்கு மெனக்கெட வேண்டும்?

கிடைக்கிறது. மடித்து வைக்கும் எவர்சில்வர் அடுப்பு, தொங்கவிடும் கெட்டில், முக்காலி எல்லாமே விற்கிறார்கள். வாங்குவது தப்பில்லை. ஆனால் வெந்நீர் சீக்கிரம் கொதிப்பதற்குச் சாமானின் விலை காரணமில்லை. மூடி போட்டிருக்கிறதா, காற்று தடுக்கப்பட்டிருக்கிறதா, விறகு காய்ந்திருக்கிறதா, பாத்திரம் சரியான உயரத்தில் இருக்கிறதா என்ற நாலு விஷயம்தான். இந்த நாலும் சரியாக இருந்தால் மூன்று செங்கல் போதும். இல்லையென்றால் எவ்வளவு கொடுத்து வாங்கினாலும் புகைதான் மிச்சம்.

குறைந்தபட்சம் என்ன இருந்தால் ஆரம்பிக்கலாம்?

செங்கல் மூன்று அல்லது நான்கு. கட்டட வேலையில் மிஞ்சிய 12 மி.மீ. முறுக்குக் கம்பி, இரண்டடி நீளத்தில் இரண்டு துண்டு. மூடியோடு ஒரு தூக்குவாளி. இடுக்கி ஒன்று. இவ்வளவுதான்.

செங்கல்லை இரு பக்கமும் வைத்து, மேலே இரண்டு கம்பியையும் நான்கு விரல்கடை இடைவெளியில் போட்டால் பாத்திரம் ஆடாமல் உட்காரும். காற்று வரும் பக்கத்தை ஒரு செங்கல்லால் பாதி மறைத்துக்கொள்ளுங்கள். முழுக்க மறைத்தால் தீ மூச்சுத் திணறும். முதல் இரண்டு மூன்று முறை இதிலேயே செய்து பாருங்கள். அதற்கப்புறமும் ஆசை இருந்தால் மற்றதெல்லாம்.

தண்ணீர் கொதிக்க வைக்க எந்தப் பாத்திரம் நல்லது?

ஆஸ்திரேலியாவில் ஆடு மேய்த்தவர்களும் நாடோடிக் கூலிகளும் 'பில்லி' என்று ஒன்றைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். வளைந்த கம்பிப் பிடி போட்ட தகர டப்பா. அதைத் தீயின் மேல் தொங்கவிட்டு டீ போடுவார்கள். உலகம் முழுக்க முகாம் போடுகிறவர்கள் அந்தப் பெயரைச் சொல்லியே பாத்திரம் வாங்குகிறார்கள். நம் வீட்டுப் பரணில் கிடக்கும் எவர்சில்வர் தூக்குவாளி அச்சு அசலாக அதேதான், மூடியோடு. ஒன்றரை லிட்டர் தூக்கு ஒன்றை இதற்கென்று ஒதுக்கிவிடுங்கள். பிடியிலோ மூடியிலோ பிளாஸ்டிக் குமிழ் இருந்தால் கழற்றிவிட்டு, மூடிக்கு ஒரு கம்பி வளையம் போட்டுக்கொள்ளுங்கள். அடி அகலமான தூக்கு, ஒடுங்கிய தூக்கைவிடச் சீக்கிரம் கொதிக்கும்.

அலுமினியமும் ஆகும், ஆனால் வெறும் பாத்திரமாகத் தீயில் மறந்துவிட்டால் போச்சு. அலுமினியம் 660 டிகிரியில் உருகும். நல்ல கங்குப் படுக்கை அந்தச் சூட்டைத் தாண்டும். ஈயம் பூசிய பித்தளை இன்னும் மோசம். அந்த ஈயம் என்பது வெள்ளீயம், 232 டிகிரியிலேயே இளகிவிடும். ஈயச் சொம்பில் ரசம் வைத்த பாட்டிகளுக்கு இது நன்றாகத் தெரியும்: முதலில் சொம்பில் புளித்தண்ணீர், அப்புறம்தான் அடுப்பு. உள்ளே தண்ணீர் இருக்கும்வரை பாத்திரம் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும், தண்ணீர் வற்றினால் சொம்பே வழிந்து ஓடும்.

பழைய தகர டின்னில் தண்ணீர் கொதிக்க வைத்துக் குடிக்கலாமா?

இணையத்தில் பலர் செய்து காட்டுகிறார்கள். நான் செய்வதில்லை. என் வழக்கம்: தண்ணீருக்கு எவர்சில்வர், தீக்கு டின்.

காரணம், இன்றைய உணவு டின்களின் உள்பக்கம் பெரும்பாலும் மெல்லிய பூச்சு ஒன்று இருக்கிறது, சிலவற்றில் வெள்ளையாகவே தெரியும். உணவு தகரத்தைத் தொடாமல் இருக்கப் போட்டது. அது அடுப்பில் வைப்பதற்கானது இல்லை. பாத்திரமே இல்லாத அவசரம் என்றால் ரசகுல்லா டின்னோ அன்னாசிப்பழ டின்னோ எடுத்து, காலியாக நல்ல தீயில் போட்டு, புகை முழுக்க அடங்கும்வரை எரித்து, ஆறியதும் சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்து, முதல் கொதி தண்ணீரைக் கொட்டிவிட்டு அப்புறம் பயன்படுத்தலாம். எரியும்போது புகைக்கு எதிர்ப்பக்கம் நில்லுங்கள். கை கால் கழுவும் வெந்நீருக்கு இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை.

பெயின்ட் டின், தின்னர் டின், பூச்சிமருந்து டப்பா இவை எதற்கும் வேண்டாம், கழுவினாலும் வேண்டாம்.

டின்னுக்குக் கம்பிப் பிடி எப்படிப் போடுவது? ஆணி அடித்தால் டின் நசுங்குகிறதே?

உள்ளே முட்டுக் கொடுக்காமல் அடித்தால் நசுங்கத்தான் செய்யும். டின்னுக்குள் நுழைகிற அளவு கட்டைத் துண்டு ஒன்றை மேசை விளிம்பில் நீட்டிக் கட்டி, டின்னை அதன்மேல் கவிழ்த்து மாட்டிக்கொள்ளுங்கள். விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் கீழே ஆணி வைத்து அடித்தால் ஓட்டை சுத்தமாக விழும். எதிர்ப்பக்க ஓட்டை நேர் எதிரே வர வேண்டும். கொஞ்சம் தள்ளிப் போனாலும் டின் சாய்ந்து தொங்கும். ஒரு நூலை டின்னைச் சுற்றி அளந்து, பாதியாக மடித்து அடையாளம் வைத்தால் தவறாது. வெட்டிய விளிம்பை அரத்தால் ராவிவிடுங்கள், கையைக் கிழிப்பது எப்போதும் இந்த விளிம்புதான்.

கம்பியை வில் மாதிரி வளைத்து இரு ஓட்டையிலும் உள்ளிருந்து வெளியே விட்டு மடக்குங்கள். வில்லின் உச்சியில் குறட்டால் ஒரு சின்னப் பள்ளம் போட்டால் கொக்கி அங்கேயே நிற்கும், டின் வழுக்கிச் சாயாது. இந்தப் பள்ளம் போடாமல் நான் இரண்டு டின் தண்ணீரைத் தீயிலேயே கொட்டியிருக்கிறேன்.

எந்தக் கம்பி?

சென்ட்ரிங் வேலைக்கு வாங்கும் கறுப்புக் கட்டுக்கம்பிதான். மெல்லியது என்றால் மூன்று இழையாக முறுக்கிக்கொள்ளுங்கள். பளபளவென்று வெள்ளையாக இருக்கும் ஜி.ஐ. கம்பியைத் தீக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். அதன் பூச்சு துத்தநாகம். அது 419 டிகிரியில் உருகி, இன்னும் சூடேறினால் ஆவியாகும். அந்தப் புகையைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிர் காய்ச்சல் மாதிரி வரும். வெல்டிங் பட்டறைக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள், ஜி.ஐ. பைப் ஒட்டிய அன்று ராத்திரி அவர்களுக்கு அந்த நடுக்கம் பழக்கம். ஜி.ஐ. வாளியில் தண்ணீர் காய்ச்சுவதும் இதே கணக்கில் வேண்டாம். பழைய ஃபிரிட்ஜ் தட்டுக் கம்பியைச் சல்லடையாகப் போடுவதும் வேண்டாம், அதன் முலாமில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

முக்காலி கட்டுவது எப்படி? கயிறு எரிந்துவிடாதா?

ஆறடிச் சவுக்குக் கம்பு மூன்று. நுனியிலிருந்து ஒரு சாண் விட்டு, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்து, கயிற்றை மேலும் கீழுமாகப் பின்னி நாலு சுற்று சுற்றி முடிச்சுப் போடுங்கள். இறுக்கிக் கட்டிவிட்டால் கால்களை விரிக்க முடியாது, கொஞ்சம் தளர்வு வேண்டும். விரித்ததும் தானாக இறுகிக்கொள்ளும். உச்சி தீயிலிருந்து நாலரை அடிக்கு மேல் இருப்பதால் கயிறு எரியாது, தீயை அடக்கி வைத்தால். நெருப்பைச் சொக்கப்பனை மாதிரி எரிக்கிறவர்கள் கயிற்றுக்குப் பதில் கட்டுக்கம்பி போடட்டும்.

உச்சியிலிருந்து பாத்திரம்வரை தொங்குவது கயிறாக இருக்கக் கூடாது. உறியில் மோர்ப்பானை தொங்கலாம், அடுப்பின் மேல் அது ஆகாது. பழைய இரும்பு ஊஞ்சல் சங்கிலித் துண்டு இருந்தால் அதைவிட நல்லது இல்லை. 6 மி.மீ. கம்பியை எஸ் வடிவில் வளைத்துக் கொக்கி செய்து, சங்கிலியின் கண்ணிகளில் மேலும் கீழும் மாற்றி மாட்டினால் பாத்திரத்தை ஏற்றி இறக்கலாம். எங்கள் தோப்பில் கிணற்றில் விழுந்த வாளி எடுக்கும் பாதாளக் கரண்டியின் ஒரு கொக்கி உடைந்து கிடந்தது, பல வருஷமாக அதுதான் எங்கள் வெந்நீர்க் கொக்கி.

சங்கிலி இல்லையா? கவையுள்ள பச்சைக் கிளை ஒன்றைத் தலைகீழாக உச்சியில் மாட்டி, அதன் கீழ்ப்பகுதியில் மேல்நோக்கிச் சரிந்த வெட்டு மூன்று நான்கு போட்டுவிடுங்கள். ஒவ்வொரு வெட்டும் ஓர் உயரம்.

எந்தக் கிளை என்பது முக்கியம். அரளி வேண்டவே வேண்டாம். அதன் கிளை, இலை, புகை எல்லாமே விஷம், கரண்டிக்குப் பதில் அரளிக் குச்சியால் கலக்குவது உயிருக்கே ஆபத்து. திருகுகள்ளியும் அப்படித்தான், அதன் பால் கண்ணில் பட்டால் நாள்கணக்கில் அவஸ்தை.

பாத்திரம் தீயிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும்?

சுடர் நுனி பாத்திரத்தின் அடியைத் தொட்டு நக்க வேண்டும். விறகிலிருந்து அரைச் சாண் அளவு. அதைவிடத் தாழ்ந்தால் பாத்திரம் தீயையே குளிரச் செய்து கரி பிடிக்கும். உயர்ந்தால் சூடு பக்கவாட்டில் காற்றோடு போய்விடும். முக்காலியின் பலவீனமும் அதுதான். பார்க்க அழகு, போட்டோவுக்கு நன்றாக இருக்கும், ஆனால் நாலு பக்கமும் திறந்து கிடப்பதால் செங்கல் அடுப்பைவிட விறகு அதிகம் தின்னும்.

டின் அடுப்பு செய்வது எப்படி?

இதற்குத்தான் அதிகம் போன் வருகிறது. நான் செய்வது 'எல்' வடிவக் குழாய் அடுப்பு, வெளியூர்க்காரர்கள் ராக்கெட் அடுப்பு என்பார்கள். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் இருக்கும் அப்ரோவெச்சோ என்ற ஆராய்ச்சி மையத்தில் லாரி வினியார்ஸ்கி என்பவர் இதன் கணக்குகளை வகுத்தார். குறைந்த விறகில் சமைக்க வேண்டிய ஏழை நாடுகளுக்காக யோசித்தது. சூட்சுமம் இதுதான்: தீயைச் சுற்றிச் சூடு வெளியேறாதபடி காப்புப் போட்டு, மேலே சின்னப் புகைபோக்கி மாதிரி உயரம் கொடுத்தால் காற்று தானாகக் கீழிருந்து இழுக்கும். புகையும் சேர்ந்து எரிந்துவிடும்.

வேண்டியது: 15 கிலோ எண்ணெய் டின் ஒன்று, ஒரே அளவு வட்ட டின் மூன்று (நான் ஒரு கிலோ ரசகுல்லா டின் எடுத்தேன்), தகரம் வெட்டும் கத்தரி, கையுறை, ஒரு சாக்கு நன்றாகச் சலித்த காய்ந்த சாம்பல்.

எண்ணெய் டின்னின் மேல்தட்டை வெட்டி எடுத்து, சாம்பல் போட்டுப் பிசுக்குப் போகக் கழுவி, காய விடுங்கள். ஒரு பக்கத்தில், அடியிலிருந்து மூன்று நான்கு விரல் உயரத்தில், வட்ட டின்னை வைத்துக் கோடு போட்டு ஓட்டை வெட்டுங்கள். வட்ட டின்களில் ஒன்றை இரு பக்கமும் திறந்து இந்த ஓட்டை வழியாகப் படுக்க வைத்தால் அது விறகு வாய். அதன் உள்முனை நுழைகிற மாதிரி இரண்டாவது டின்னின் பக்கத்தில் ஓட்டை போட்டு நிறுத்துங்கள். இந்த டின்னின் அடி மூடியே இருக்கட்டும். அதன் மேல், அடியை வெட்டிய மூன்றாவது டின்னைச் செருகினால் புகைபோக்கி. செருகலுக்கு விளிம்பில் அங்கங்கே சின்ன வெட்டுப் போட்டு உள்ளே மடக்க வேண்டும். கொஞ்சம் பொறுமை தேவைப்படும் இடம் இதுதான். மூன்றாவது டின்னின் வாய் எண்ணெய் டின்னின் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே நின்றால் சரி. எட்டவில்லை என்றால் இன்னொரு டின் துண்டு.

சுற்றியுள்ள இடைவெளி முழுக்கச் சாம்பலை நிரப்புங்கள். மணல் போடாதீர்கள், மண்ணும் வேண்டாம். கனமானது சூட்டைத் தானே குடித்துக்கொள்ளும். சாம்பலுக்குள் காற்று நிறைய இருப்பதால் சூட்டைத் தடுக்கும். மேலே, வெட்டி எடுத்த தட்டில் வட்ட ஓட்டை போட்டு மூடிவிடுங்கள்.

இரண்டு விஷயத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒன்று, விறகு வாயின் நடு உயரத்தில் ஒரு தகரத் தட்டு வேண்டும். விறகு அதன் மேல், காற்று அதன் கீழ். தட்டு இல்லாமல் வாயை விறகால் அடைத்துவிட்டு ‘இழுக்கவில்லை’ என்று சொல்லிப் பயனில்லை. இரண்டாவது, பாத்திரத்தைப் புகைபோக்கியின் வாய்மேல் அப்படியே உட்கார வைக்கக் கூடாது. மூன்று போல்ட்டை நட்டு, பாத்திரத்துக்கும் வாய்க்கும் நடுவே இரண்டு சென்டிமீட்டர் விடுங்கள். அந்த வழியாகத்தான் சூடு அடியை வருடி வெளியேற வேண்டும்.

விரல் பருமன் சுள்ளி நாலைந்து போதும். நுனிதான் எரியும், எரிய எரிய உள்ளே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். உள்டின்கள் சில மாதத்தில் ஓட்டை விழும். தகரம் அவ்வளவுதான் தாங்கும், மாற்றிக்கொள்ளுங்கள். புதிதாகச் செய்த அடுப்பை முதல் தடவை சும்மா எரித்து, உள்பூச்சு புகைந்து தீர்ந்தபின் பாத்திரம் வையுங்கள்.

இவ்வளவு வேலை செய்ய முடியாது. சுலபமாக ஏதாவது?

மரத்தூள் அடுப்பு. மர இழைப்பகம் பக்கத்தில் இருந்தால் இதை மிஞ்ச எதுவும் இல்லை. பெரிய டின்னின் பக்கத்தில், அடியை ஒட்டி ஒரு ஓட்டை. அதன் வழியாக ஒரு கட்டையைப் படுக்க வைத்து நடுவரை நுழையுங்கள். மேலிருந்து நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, கட்டையைத் தொடும்படி வையுங்கள். சுற்றிலும் காய்ந்த மரத்தூளைப் போட்டுப் போட்டு நன்றாக இடியுங்கள். பாட்டிலைத் திருகி உருவி, கட்டையையும் உருவினால் தூளுக்குள் 'எல்' வடிவப் பொந்து நிற்கும். கீழ் ஓட்டையில் பன்னாடையும் நாலு சுள்ளியும் வைத்துக் கொளுத்தினால் பொந்தின் சுவர் உள்ளிருந்து கனன்று எரியத் தொடங்கும். கவனிக்காமலே பல மணி நேரம் நிற்கும். எங்கள் வீட்டில் குளிக்கிற வெந்நீர் எல்லாம் ஒரு காலத்தில் இதில்தான். தூள் சரியாக இடிபடவில்லை என்றால் நடுவில் சரிந்து அணைந்துவிடும். டின்னை ஆட்டவும் கூடாது.

டீக்கடை பாய்லர் மாதிரி நடுவில் குழாய் வைத்த கெட்டிலை வீட்டிலேயே செய்யலாமா?

ஆசைப்பட்டு நானும் செய்தேன், அதனால் விவரமாகவே சொல்கிறேன்.

டீக்கடைப் பித்தளை பாய்லரின் நடுவே மேல்கீழாக ஒரு குழாய் போகும். கரி அதற்குள் எரியும், தண்ணீர் குழாயைச் சுற்றி நிற்கும். பழைய வீடுகளில் குளியலறையில் இருந்த செம்பு பாய்லரும் அப்படித்தான். தீ தண்ணீருக்குக் கீழே இல்லை, தண்ணீருக்கு நடுவே. சூடு வெளியே போக வேண்டுமென்றால் தண்ணீரைத் தாண்டித்தான் போக வேண்டும். அயர்லாந்தின் மேற்கே மேயோ பகுதியில், கான் என்ற ஏரிக் கரையில் மீன்பிடிக்க வருகிறவர்களுக்காகக் கெல்லி குடும்பத்தார் இதே தத்துவத்தில் செய்த கெட்டில் இன்றும் அவர்கள் பெயரிலேயே விற்கிறது. ஒரு கைப்பிடிச் சுள்ளியிலும் சருகிலும் நாலு கப் தண்ணீர் கொதித்துவிடும், காற்று அடித்தால் இன்னும் வேகமாக.

நான் ஐந்து லிட்டர் டின்னின் நடுவே ஒரு இரும்புக் குழாயை நிறுத்தி, பட்டறை ஒன்றில் ஈயப்பற்று வைத்து ஒட்டி வாங்கினேன். முதல் இரண்டு தடவை பிரமாதம். மூன்றாவது தடவை பேச்சு சுவாரசியத்தில் தண்ணீர் வற்றியதைக் கவனிக்கவில்லை. பற்று உருகி மொத்தமும் கழன்றுவிட்டது. காரீயமும் வெள்ளீயமும் கலந்த சாதாரணப் பற்று 183 டிகிரியிலேயே உருக ஆரம்பிக்கும். அதைவிடப் பெரிய தப்பு, அந்தப் பற்றில் காரீயம் இருந்தது. அது கலந்த தண்ணீரில் இரண்டு தடவை காபி குடித்திருக்கிறோம். பட்டறைக்காரர் மேல் குறையில்லை, குடிதண்ணீருக்கு என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை.

ஆகவே இதை மட்டும் வீட்டில் செய்யாதீர்கள். எவர்சில்வர் தகட்டை முறையாக வெல்டிங் செய்யத் தெரிந்தவரிடம் கொடுத்தால் செய்யலாம், அல்லது வாங்கிவிடலாம். எப்படிக் கிடைத்தாலும் ஒன்று மறக்கக் கூடாது: தீ எரியும்போது தண்ணீர் ஊற்றும் வாயைத் தக்கையால் அடைக்காதீர்கள். ஆவி வெளியேற வழியில்லாத பாத்திரம் வெடிகுண்டுதான்.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு எவ்வளவு விறகு?

கணக்குப் போட்டால் ஆச்சரியமாக இருக்கும். 25 டிகிரித் தண்ணீர் ஒரு லிட்டரை 100 டிகிரிக்குக் கொண்டுபோக 75 கிலோகலோரி போதும். காய்ந்த விறகில் ஒரு கிராமுக்குச் சுமார் மூன்றரை முதல் நாலு கிலோகலோரி. அப்படியென்றால் இருபது கிராம் விறகு, ஒரு பென்சில் கட்டு அளவு! ஆனால் திறந்த மூன்று கல் அடுப்பில் பத்தில் ஒரு பங்கு சூடுதான் தண்ணீருக்குப் போகிறது, மிச்சம் வானத்துக்கு. அதனால் 200 கிராம் வரை ஆகும். குழாய் அடுப்பில் இதில் பாதி கூட ஆகாது. மூடி போட்டால் இன்னும் குறையும்.

எந்த விறகு?

பிடிக்க வைக்கப் பன்னாடையும் தென்னம்பாளையும். அப்புறம் காய்ந்த மட்டைக் காம்பு, சுடர் உடனே எழும்பும். கொட்டாங்குச்சி, சிரட்டை என்று நீங்கள் எப்படிச் சொன்னாலும் சரி, அது உடைந்த துண்டாகப் போட்டால் சூடு அதிகம், எண்ணெய்ப்புகையும் அதிகம். வெளியூரில் சவுக்குச் சுள்ளி கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. சீமைக்கருவேலம் கங்கு நன்றாக நிற்கும், பெரிய தவலை வெந்நீருக்கு நல்லது, ஒரு டம்ளர் காபிக்கு அதைக் கொளுத்திக் காத்திருக்க வேண்டாம். வெந்நீருக்குப் பருத்த கட்டையைவிட விரல் பருமன் சுள்ளி மேல்.

ஆற்றங்கரைக் கல்லை அடுப்பாக வைக்கலாமா?

கூடாது. தண்ணீருக்குள் கிடந்த கல்லின் இடுக்குகளில் ஈரம் புகுந்திருக்கும். சூடேறினால் அது ஆவியாகிக் கல் வெடித்துச் சில்லு பறக்கும். கண் போய்விடும். மேட்டில் வெயிலில் கிடந்த கல்லோ காய்ந்த செங்கல்லோ எடுங்கள்.

மூங்கிலில் தண்ணீர் கொதிக்க வைக்க முடியுமா?

முடியும். புட்டே முதலில் மூங்கில் குழலில் அவித்ததுதான். பச்சை மூங்கிலில் ஒரு கணு அடியாக இருக்க, மேல்பக்கம் திறந்தபடி இரண்டடி நறுக்கி, முக்கால் பங்கு தண்ணீர் ஊற்றி, தீயின்மேல் சாய்த்து வைத்துத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். வெளிப்பக்கம் கருகும், உள்ளே கொதிக்கும். தண்ணீரில் லேசான பச்சை வாசம் வரும், எனக்குப் பிடிக்கும். ஒரு முறைக்கு ஒரு குழல். இரு பக்கமும் மூடிய கணுவைத் தீயில் போடாதீர்கள், பட்டாசு மாதிரி வெடிக்கும்.

பேப்பர் கப்பில், பிளாஸ்டிக் பாட்டிலில் கொதிக்க வைக்கும் வீடியோ உண்மையா?

உண்மைதான், ஈயச் சொம்பு தத்துவமேதான். குழந்தைகளுக்கு வெறும் காகிதத்தை மடித்துச் செய்து காட்டலாம். குடிக்க வேண்டாம்.

எவ்வளவு நேரம் கொதித்தால் குடிக்கலாம்?

பெரிய பெரிய குமிழி தளதளவென்று வந்தபின் ஒரு நிமிடம். 6,500 அடிக்கு மேல் மூன்று நிமிடம் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. ஊட்டியும் கொடைக்கானலும் அந்த உயரத்தைத் தாண்டியவை. அங்கே தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். பருப்பு வேக அங்கே தாமதமாவதும் அதனால்தான். கொதித்த தண்ணீரை அதே பாத்திரத்தில், அதே மூடியோடு ஆற விடுங்கள். வேறு வாளியில் ஊற்றினால் பாதி வேலை வீண்.

கலங்கல் தண்ணீர் என்றால்? உப்புத் தண்ணீர் என்றால்?

கலங்கலை முதலில் வேட்டித் துணி நாலு மடிப்பில் வடிகட்டி, தெளிய விட்டு அப்புறம் காய்ச்சுங்கள். மண்பானையின் உள்பக்கத்தில் தேற்றான்கொட்டையை இழைத்துவிட்டு ஊற்றினால் சீக்கிரம் தெளியும், கிராமங்களில் இன்னும் செய்கிறார்கள்.

உப்பு, ஃபுளோரைடு, பூச்சிமருந்து இவை கொதிப்பதால் போகாது. ஆவி போகப் போக மிச்சத் தண்ணீரில் அடர்த்தி கூடத்தான் செய்யும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் என்றால் குடிக்கத் தனியாகக் கேன் கொண்டுபோய்விடுங்கள்.

பாத்திரத்தில் கரி பிடிக்காமல் இருக்க?

பிடிக்கத்தான் செய்யும். சுலபமாகப் போக வேண்டுமென்றால் அடுப்பில் வைக்கும் முன் வெளிப்பக்கம் சாம்பலைத் தண்ணீரில் குழைத்தோ செம்மண் சேறோ பூசிவிடுங்கள். கிராமத்தில் கல்யாண அண்டாவுக்குச் செய்வதுதான். பாத்திர சோப்பும் வேலை செய்யும். பூசாமல் விட்டால் திங்கட்கிழமை வீட்டில் திட்டு நிச்சயம்.

மலையேறப் போகும்போது காட்டில் இதைச் செய்யலாமா?

வேண்டாம். தமிழ்நாட்டில் காப்புக்காட்டுக்குள் தீ மூட்டுவது குற்றம், 1882 ஆம் ஆண்டு வனச் சட்டம் தொட்டே அப்படி. சரணாலயங்களுக்கு 1972 ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் உண்டு. சட்டத்தை விடுங்கள், 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் நடந்தது நினைவிருக்கும். மலையேறப் போனவர்கள் 20-க்கும் மேற்பட்டோர் காட்டுத்தீயில் இறந்தார்கள். சரிவில் காய்ந்த புல் பற்றினால் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு ஆள் ஓட முடியாது. காட்டுக்குப் போனால் வீட்டிலிருந்தே பிளாஸ்கில் கொண்டுபோங்கள்.

இந்தப் பக்கத்தில் சொல்வதெல்லாம் சொந்தத் தோப்பு, வீட்டுக் கொல்லை, உரிமையாளர் அனுமதித்த இடம் இவற்றுக்குத்தான். அங்கேயும் சுற்றி ஆறடிக்குச் சருகு கூட்டிவிட்டு, தண்ணீர் வாளி பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் தீக்குச்சி கிழிப்பது. மட்டை தொங்கும் தென்னைக்கு நேர் கீழே வேண்டாம்.

மழை வந்தால் டென்ட்டுக்குள் வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. டின் அடுப்பும் கூடாது, கங்கு மட்டும் இருக்கும் சட்டியும் கூடாது. புகை தெரியாவிட்டாலும் கார்பன் மோனாக்சைடு இருக்கும், அதற்கு வாசம் கிடையாது. குளிருக்குக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்காத செய்தி வருஷா வருஷம் வருகிறது.

தீயை எப்படி அணைப்பது?

தண்ணீர் ஊற்று, குச்சியால் கிளறு, மறுபடி ஊற்று. புறங்கையைப் பக்கத்தில் கொண்டுபோனால் சூடு தெரியக் கூடாது. மணலைப் போட்டு மூடிவிட்டுப் போவது தப்பு. மூடிய கங்கு பல மணி நேரம் உள்ளே உயிரோடு இருக்கும். மறுநாள் செருப்பில்லாமல் விளையாடும் குழந்தை மிதிக்கும். தென்னை வேர் மேல் மூட்டிய தீ வேரோடு உள்ளே கனன்று போவதும் உண்டு.

வெந்நீர் கொட்டிச் சுட்டுவிட்டால்?

சாதாரணத் தண்ணீரில் இருபது நிமிடம். ஓடும் குழாய்த் தண்ணீர் என்றால் நல்லது. மோதிரம், வளையலை வீங்குவதற்கு முன் கழற்றிவிடுங்கள். பற்பசை, நெய், பேனா மை, மஞ்சள் எதுவும் தடவக் கூடாது. கொப்புளம் உள்ளங்கையைவிடப் பெரிதானாலும், முகத்தில் கையில் பட்டாலும், குழந்தை என்றாலும் நேராக ஆஸ்பத்திரி.

இதே அடுப்பில் பால் காய்ச்சலாமா?

காய்ச்சலாம், முக்காலியில் தொங்கவிட்டு மட்டும் வேண்டாம். கேஸில் குமிழைத் திருகிச் சிம்மில் வைக்கிற மாதிரி விறகை உடனே அடக்க முடியாது, பொங்கும்போது தூக்கி எடுக்கக் கொக்கியில் இடுக்கி நுழையாது. போன தீபாவளிக்கு முந்தின வாரம் இரண்டு லிட்டர் பசும்பால் முழுக்க நெருப்பில் கொட்டி, தீயும் அணைந்து, எட்டுப் பேரும் கறுப்புக் காபி குடித்தோம். அன்றிலிருந்து பாலுக்குச் செங்கல் அடுப்பு, வாய் அகன்ற சட்டி, இடுக்கியோடு பக்கத்தில் ஒரு ஆள்.